கட்டையில் அடங்காத உறுமி: மதுரையில் ஒரு சாம்ப்ளர் தேர்வு

மதுரையில் இயங்கும் சிறிய நாடகக் குழு ஒன்று, வசனம் ஏதுமின்றி ஒலியாலும் உடலசைவாலும் மட்டுமே நடக்கும் நாற்பது நிமிட மேடைப் படைப்பு ஒன்றைத் திட்டமிட்டது. ஒலிகள் அனைத்தும் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பதிவானவையாக இருக்க வேண்டும், அவற்றை மேடையிலேயே கையால் வாசிக்க வேண்டும், முன்கூட்டிக் கோத்து வைத்ததை ஓடவிடக் கூடாது என்பவை குழு தனக்குத் தானே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். ஆகவே ஒரு மென்பொருள் சாம்ப்ளர், அதாவது பதிவுசெய்த ஒலிகளைக் கணினியில் ஏற்றிக் கட்டைகளால் வாசிக்க உதவும் மென்பொருள், தேவைப்பட்டது. ஒலிப் பொறுப்பை ஏற்றவர் செல்லூரில் தறிக்காரர் குடும்பத்தில் வளர்ந்த இளைஞர். அவருடன் மேடையில் அமரவிருந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் நெடுங்காலமாக உறுமி வாசித்துவரும் மூத்த கலைஞர். பதிவுக்கும் கருவித் தேர்வுக்கும் ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

சாம்ப்ளர் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக வசதிகளை ஒப்பிடுவார்கள்: ஃபில்டர்கள் எத்தனை, எஃபெக்டுகள் எத்தனை, கூடவே வரும் ஒலித் தொகுப்பு எத்தனை ஜிகாபைட். சோதனை இசைக்கு இந்த ஒப்பீடு அதிகம் உதவாது என்பது என் கருத்து. எந்த நிறுவனத்தின் சாம்ப்ளரை எடுத்தாலும், ஒலி என்றால் என்ன என்பது பற்றிய ஓர் அனுமானம் அதற்குள் புதைந்திருக்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ஃபேர்லைட் சிஎம்ஐ, பதிவுசெய்த எந்த ஒலியையும் பியானோ வரிசையிலான கட்டைகளின் மீது பரப்பி வாசிக்கலாம் என்று காட்டியது. பின்னர் வந்த ஈமியூ எமுலேட்டர், அக்காய் எஸ்1000 முதலிய வன்பொருள்களும், அவற்றின் வேலையைக் கணினிக்குள் கொண்டுவந்த மென்பொருள்களும் பெரும்பாலும் அதே வழியில் நடந்தன. ஒலிக்கு ஒரு தொடக்கம், நிலையான ஒரு சுருதி, ஒரு முடிவு உண்டு. கட்டையை அழுத்தினால் அது பிறக்கும், விட்டால் அடங்கும். மேல் கட்டையில் வேகமாகவும் கீழ்க் கட்டையில் மெதுவாகவும் ஓடும். இதுதான் அந்த அனுமானம். கையிலுள்ள ஒலி இதற்கு இணங்குகிறதா, இதை வளைக்கிறதா, அடியோடு மறுக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். இந்தக் குழுவிடம் மூன்று வகைக்கும் ஒவ்வோர் ஒலி இருந்தது: கடம் இணங்கியது, தறி வளைத்தது, உறுமி மறுத்தது.

பதிவுகள்

குழு முதலில் விரும்பியது மீனாட்சியம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதியிலுள்ள இசைத்தூண்களை. ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்கள் உண்டு. தட்டினால் வெவ்வேறு சுருதி தரும். ஆனால் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்கே அனுமதி இல்லாதபோது பதிவுக் கருவிக்கு எங்கே இடம்? அனுமதி கிடைத்திருந்தாலும், பல நூற்றாண்டுப் பழமையுள்ள கல்லை ஒரு சாம்பிளுக்காகத் திரும்பத் திரும்பத் தட்டுவது முறையாகாது. அந்த எண்ணம் கைவிடப்பட்டு, மேலூர்ப் பக்கத்துக் கல் அறுக்கும் பட்டறை ஒன்றில் கழித்துப் போட்டிருந்த கருங்கல் துண்டுகள் பதிவுசெய்யப்பட்டன.

மற்றவை: மானாமதுரையில் வனைந்த நான்கு கடங்கள், செல்லூரின் ஒரு விசைத்தறிக் கூடம், ஒரு சேகண்டி (குச்சியால் தட்டி ஒலிக்கும் உலோகத் தட்டு), உறுமி. மானாமதுரைக் கடம் சென்னையில் செய்யப்படும் கடத்தைவிடக் கனமானது, சுவர் தடித்தது. அதன் தட்டு கூர்மையாக விழும். விசைத்தறியைத் தனியே பதிவுசெய்ய வேண்டுமானால் பக்கத்துத் தறிகள் நிற்க வேண்டும், தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே நிறுத்திய நேரத்துக்கான கூலியைக் குழுவே நெசவாளர்களுக்குக் கொடுத்தது. பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்காமல் தறிப் பதிவுக்குப் போவது சரியல்ல.

எல்லாப் பதிவும் 24 பிட். பெரும்பாலானவை 48 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில், அதாவது நொடிக்கு 48,000 அளவீடுகளாக, எடுக்கப்பட்டன. சேகண்டியும் கருங்கல்லும் மட்டும் 96 கிலோஹெர்ட்ஸில். இந்த வேறுபாடு சாம்ப்ளரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவாக வேண்டிய ஒன்று. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகள்தான் இருக்க முடியும். அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் எல்லா அதிர்வும் பாதியாகி, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெறுமையாகிவிடும். காதுக்கு ஒலி மங்கலாகப் படும். 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில், மைக்கும் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கக்கூடியதாக இருந்தால், மனிதக் காதுக்கு எட்டாத மேல் அதிர்வுகள் கீழிறங்கி வந்து அந்த வெறுமையை நிரப்பும். சேகண்டியை இரண்டு ஸ்தாயி இறக்கி மெதுவாக ஒலிக்கவிடுவது படைப்பின் நடுப்பகுதிக்கு அவசியமாக இருந்தது. கடத்தை அப்படி இறக்கும் நோக்கம் இல்லாததால் அதற்கு இந்தச் செலவு வீண்.

நிபந்தனைகள்

கையில் இருந்தவை 8 ஜிகாபைட் நினைவகம் கொண்ட, விண்டோஸில் ஓடும் பழைய மடிக்கணினி ஒன்று, அவசரத்துக்கு இரவல் வாங்கக்கூடிய அதே தரத்திலான இன்னொன்று. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒலி வட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 17.3 மெகாபைட் பிடிக்கும். நினைவகத்தில் 32 பிட் எண்களாக ஏற்றப்பட்டால் அது 23 மெகாபைட் ஆகும். மேடையில் தேவைப்படும் பொருள் தொண்ணூறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 ஜிகாபைட். இது எட்டுக்குள் அடங்கும் என்பதால், வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கும் வசதி இங்கே தீர்மானிக்கும் காரணமாக அமையவில்லை. லேட்டன்ஸிதான், அதாவது விரல் படுவதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம்தான், சிக்கல் தந்தது. பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துணுக்கை, 128 சாம்பிளில் (இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஓர் அளவீடு) வைத்தால் 2.7 மில்லிவினாடி, ஆனால் இந்தக் கணினியில் ஒலி உடைந்தது, 256இல் 5.3 மில்லிவினாடி, உடையவில்லை. கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியின் தாமதமும் சேர்ந்த பிறகு, விரல் பட்டதும் ஒலி வர வேண்டிய கடத்துக்கு அது விளிம்பில் நிற்கும் அளவு.

பணம் குறைவு. அதில் பெரும்பங்கு கலைஞர்களின் ஊதியத்துக்கே போக வேண்டும் என்பதில் குழு உறுதியாக இருந்தது. ஒத்திகைக் கூடத்தில் இணைய இணைப்பு நம்பத்தகுந்ததாக இல்லை. அடிக்கடி இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் அங்கே ஆபத்து. இவற்றுக்கெல்லாம் மேலான நிபந்தனை ஒன்று: உறுமிக் கலைஞர் திரையைப் பார்த்து வாசிக்க மாட்டார். அவர் கைக்கு எது வருமோ அதுதான் கருவி.

பரிசீலனைக்கு வந்தவை

ஆப்பிளின் லாஜிக் ப்ரோவுடன் வரும் சாம்ப்ளர் விண்டோஸில் ஓடாது என்பதால் பேச்சிலேயே விலகியது. ஹாலியன், ஃபால்கன் என்ற சாம்ப்ளர்கள் விலையால் விலகின. மீதமிருந்தவை வணிகச் சாம்ப்ளரான கான்டாக்ட், ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் சிம்ப்ளரும் கிரானுலேட்டரும், எஸ்எஃப்இசட் என்ற திறந்த வடிவக் கோப்புகளை வாசிக்கும் இலவச ஸ்ஃபோர்ட்சாண்டோ, அதே அளவில் எளிய டீசென்ட் சாம்ப்ளர், ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பருக்குள்ளேயே இருக்கும் ரியாசாம்ப்ளோமேட்டிக், இவற்றோடு சாம்ப்ளர் என்று யாரும் விற்காத ப்யூர் டேட்டா.

கான்டாக்ட் குறித்து ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மதுரையின் வீட்டு ஸ்டுடியோக்களில் இது பரவலாக இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கான்டாக்ட் ப்ளேயர், அதற்கென்று உரிமம் பெற்ற ஒலித் தொகுப்புகளை மட்டுமே முழுமையாக வாசிக்கும். மற்றவற்றை 15 நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடும். சொந்தப் பதிவுகளிலிருந்து கருவி கட்டுவதற்கு முழுப் பதிப்பு வேண்டும், அதன் விலை ஏறத்தாழ 300 அமெரிக்க டாலர். புதிய பதிப்பில் சேமித்த கருவியைப் பழைய பதிப்பு திறக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிறர் தயாரித்த ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்புகளை வைத்துத் திரையிசைக்கு வேலை செய்கிறவருக்குக் கான்டாக்டைத் தவிர்க்கவே முடியாது. இந்தக் குழுவோ பிறர் தொகுப்பு ஒன்றைக்கூடத் தொடப்போவதில்லை.

கடம்

நான்கு கடங்கள், ஒவ்வொன்றிலும் கழுத்து, இடுப்பு, வயிறு ஆகிய இடங்களில் விரலாலும் உள்ளங்கையாலுமாக ஆறு வகைத் தட்டு, ஒவ்வொரு தட்டும் மென்மை, நடுத்தரம், பலம் என மூன்று அழுத்தங்களில், ஒவ்வோர் அழுத்தமும் நான்கு முறை. மொத்தம் 288 சிறு பதிவுகள். ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலித்தால் இரண்டாவது தட்டிலேயே அது இயந்திரம் என்று காது கண்டுகொள்ளும் என்பதால், நான்கு பதிவுகளும் முறைவைத்துச் சுழன்று வர வேண்டும். வாசிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப அடுக்கும் மாற வேண்டும். சாம்ப்ளர் என்ற கருவி இந்த வேலைக்காகவே பிறந்தது.

கான்டாக்ட் இதை மிக நேர்த்தியாகச் செய்கிறது. இந்தச் சோதனையில் அதற்குத்தான் முதலிடம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எஸ்எஃப்இசட் வடிவம் இதே வேலையை ஓர் எளிய உரைக்கோப்பில் முடிக்கிறது. எந்த ஒலிக்கோப்பு, எந்தக் கட்டைக்கு, 1 முதல் 127 வரையிலான அழுத்தத்தில் எந்த எல்லைக்குள், சுழற்சியில் எத்தனையாவது என்று ஒரு பதிவுக்கு ஒரு வரி. 288 வரிகளையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒலிக்கோப்புகளுக்குக் கடம், இடம், அழுத்தம், வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டுவிட்டால், கணக்குப் பதிவுக்கான ஓர் அட்டவணை மென்பொருளிலேயே வரிகளைத் தயாரித்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். இளைஞர் அப்படித்தான் செய்தார். ஒரு தட்டின் ஒலியளவு மிகுந்திருந்தால் நோட்பேடில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். டீசென்ட் சாம்ப்ளரின் கோப்பும் உரைவடிவமே. ஆயினும் எஸ்எஃப்இசட்டை வாசிக்கும் மென்பொருள்கள் பல இருப்பதால், ஒன்று கைவிடப்பட்டாலும் மற்றொன்றில் திறக்கலாம் என்ற காரணம் மேலோங்கியது.

கடம் அனுமானத்துக்கு இணங்கியது என்றேன், முழுமையாக அல்ல. ஒரு கடத்தின் பதிவை இரண்டு அரைச்சுருதிக்கு மேல் ஏற்றியபோது, பானையின் கனம் போய் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிய ஒலி வந்தது. காரணம் எளிது: வேகத்தைக் கூட்டும்போது சுருதியோடு தட்டின் தொடக்கமும் சுருங்குகிறது, பானையின் உடல் அதிர்வும் இடம்பெயர்கிறது, ஆனால் காதுக்குத் தெரிந்த பானை அளவு மாறுவதில்லை. மேலும், நான்கு கடங்களின் சுருதியும் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் எதிலும் சரியாக விழவில்லை, விழ வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே கட்டைக்கு ஏற்பச் சுருதி மாறுவதை எஸ்எஃப்இசட் கோப்பில் முழுவதுமாக அணைத்துவிட்டு, ஒவ்வொரு பானையையும் அதனதன் சுருதியிலேயே ஒலிக்கவிட்டோம். கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது எழும் வளைவொலியைத் தனித் தட்டுகளாக நறுக்க முடியாது. அவை முழுச் சொற்கட்டுகளாகவே பதிவாகி, தனிக் கட்டைகளில் வைக்கப்பட்டன.

தறி

விசைத்தறியின் ஒரு தட்டு தனியே கேட்கச் சாதாரணமானது. கூடத்துக்குள் நிற்கும்போது உடம்பைப் பிடித்துக்கொள்வது பல தறிகள் சற்றே மாறுபட்ட வேகத்தில் ஓடி, ஒன்றையொன்று நெருங்கி, ஒரு கணம் சேர்ந்து, பின் விலகுவது. இரண்டு தறிகளை எடுத்துக்கொண்டால், ஒன்று நிமிடத்துக்கு 120 தட்டும் மற்றொன்று 124 தட்டும் போடுமானால், 15 வினாடிக்கு ஒருமுறை அவை சேரும். முதலாவது 30 தட்டு முடிக்கும்போது இரண்டாவது 31 முடித்திருக்கும். இளைஞர் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தது இந்தச் சேர்க்கையையும் விலகலையும்தான். படைப்பின் முதற்பகுதி முழுவதும் இதன் மீதே நிற்கிறது.

இன்றைய இசை மென்பொருள்களில் பல, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) ஒன்றை உள்ளே இட்டதுமே அதன் வேகத்தைக் கணித்துப் பாட்டின் தாளத்தோடு பிணைத்துவிட முயல்கின்றன. ஏபிள்டன் லைவின் வார்ப் வசதி இதில் புகழ்பெற்றது. நடனப் பாடலுக்கு அது வரம். இங்கே அது தறிகளுக்கிடையிலான வேறுபாட்டையே அழித்துவிடும். நாடா பெட்டியில் மோதும் கூர்மையையும் நீட்டிக் குலைக்கும். வார்ப்பை அணைத்தால் சிம்ப்ளர் ஒலியை அதன் சொந்த நீளத்திலேயே ஓடவிடும், ஆகவே குறை மென்பொருளினுடையது அல்ல. ஆனாலும், தாளத்தோடு பிணைப்பதை இயல்பாகவும் பிணைக்காததை விலக்காகவும் கருதும் சூழலில் வேலை செய்யும்போது, ஒவ்வொரு லூப்பிலும் அதை அணைத்தோமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

எஸ்எஃப்இசட்டில் லூப்பின் தொடக்கமும் முடிவும் சாம்பிள் எண்ணிக்கையாகவே எழுதப்படுகின்றன. 48 கிலோஹெர்ட்ஸில் 120 வேகத் தறியின் ஒரு தட்டு 24,000 சாம்பிள், 124 வேகத் தறியின் ஒரு தட்டு 23,226 சாம்பிள். ஒரே தட்டை லூப் செய்தால் சில வினாடிகளில் அது மின்னணு ஒலியாகக் கேட்கத் தொடங்கிவிடும் என்பதால், எட்டுத் தட்டுகளாக, அதாவது 1,92,000 சாம்பிளும் 1,85,806 சாம்பிளுமாக எடுத்துக்கொண்டோம். லூப்பின் இறுதியில் கூடத்தின் எதிரொலி வெட்டுப்பட்டு ‘டிக்’ என்று கேட்டது. அந்த இடத்தில் ஒலியைச் சில மில்லிவினாடிக்குள் படிப்படியாக மங்கவிட்டதும் அது நின்றது. ஒவ்வொரு தறிக்கும் ஒரு பேட், அதாவது விரலால் தட்டும் பொத்தான். தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். எந்தத் தறியை எந்தக் கணத்தில் தொடங்குகிறோம் என்பதிலேயே அந்தப் பகுதியின் இசை முழுவதும் தீர்மானமாகிறது.

உறுமி

உறுமியின் இரு முகங்களில் வலப்பக்கம் மெல்லிய குச்சியால் தட்டப்படும். இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சி அழுந்தித் தேயும்போது எழும் அந்த நீண்ட ஓலத்துக்காகவே அந்தக் கருவி. தட்டு முகத்தைச் சாம்பிள் செய்வதில் சிரமமில்லை. தேய்ப்பு முகத்தில், குச்சி தோலைப் பற்றுவதும் வழுக்குவதும் நொடிக்குப் பலமுறை நடந்து, அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பச் சுருதி ஏறி இறங்குகிறது. இதில் எந்தக் கணத்தைத் தொடக்கம் என்பது, எதை ஒரு சுருதி என்பது?

முதலில், நல்ல தேய்ப்பு ஒன்றின் முழுப் பதிவைக் கட்டையில் வைத்துக் கொடுத்தோம். கலைஞர் அழுத்தினார், கேட்டார், கையை எடுத்தார்.

“தம்பி, நான் நிறுத்தினாலும் அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போகுது. வாசிக்கிறது நானா, அதுவா?”

கையை எடுத்ததும் நிற்கும்படி மாற்றியதும் அடுத்த குறை வந்தது: ஒவ்வொரு முறையும் ஓலம் அதே இடத்திலிருந்து, அதே வளைவோடு பிறக்கிறது.

கான்டாக்டின் டைம் மெஷின் முறை, சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்ற இடம் தருகிறது. ஓலம் வழவழப்பாக நீண்டது, ஆனால் உராய்வின் சொரசொரப்பு கரைந்துவிட்டது. பிறகு கிரானுலர் முறை. ஒலியை மிகச் சிறு மணிகளாகக் கருதலாம் என்ற எண்ணத்தை 1947இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் டென்னிஸ் காபோர். இன்றைய கிரானுலர் கருவிகள் பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்குட்பட்ட மணிகளைக் கொட்டி ஒலியை மறுபடி கட்டுகின்றன. ராபர்ட் ஹென்கே உருவாக்கிய கிரானுலேட்டரில் உறுமியை இட்டபோது கிடைத்தது உண்மையிலேயே அழகான ஒலி. எனினும் அதில் இரண்டு இடர்கள் இருந்தன. மணிகள் 20 மில்லிவினாடிக்கு ஒன்றாகச் சீராக விழுந்தால், நொடிக்கு ஐம்பது என்ற அந்தச் சீரே 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகி உறுமியின் மேல் ஏறிக்கொள்கிறது. அந்தச் சீரைக் கலைத்தால் ரீங்காரம் போகிறது, ஆனால் ஓலம் மேகமாகப் பரவிவிடுகிறது. மேகம் வேண்டுமென்று கேட்கும் இசையமைப்பாளருக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. இவர்களுக்கு வேண்டியிருந்ததோ கையின் இழுப்பு ஒலியின் இழுப்பாக மாறுவது.

இந்த இடத்தில்தான் சாம்ப்ளர் என்ற வகையையே விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. மில்லர் பக்கெட் உருவாக்கிய ப்யூர் டேட்டா இலவசமானது. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து நிரல் கட்டும் சூழல். அதில் பதிவை ஓர் அட்டவணையில் ஏற்றி, எந்த இடத்தை எந்த வேகத்தில் படிப்பது என்பதை முழுவதும் நம் கட்டுப்பாட்டில் வைக்கலாம். கை நகரும் வேகமே படிக்கும் வேகம். கை நின்றால் ஒலியும் நிற்கும். கை திரும்பினால் ஒலியும் திரும்பும். கட்டை என்ற கருத்துக்கே அங்கு வேலையில்லை.

கையின் அசைவை எதன் வழியாக உள்ளே கொண்டுவருவது என்பது தனிக் கேள்வி. இசைக் கட்டுப்பாடுகளைக் கணினிக்கு அனுப்பும் மிடி முறையில், சாதாரணக் குமிழுக்கு 128 படிகள்தான். பத்து வினாடிப் பதிவை அதில் பரப்பினால் ஒரு படிக்கு 78 மில்லிவினாடி, ஒலி படிக்கட்டாக நொறுங்கும். மென்மைப்படுத்தினால் கை முந்துகிறது, ஒலி பிந்துகிறது. கடைசியில் பொருந்தியது படம் வரைவதற்கான பேனாப் பலகை. பேனா நகரும் வேகம் படிக்கும் வேகமாகவும், பேனாவின் அழுத்தம் மென் தேய்ப்புக்கும் வன் தேய்ப்புக்கும் இடையிலான கலவையாகவும் ஒரு சிறு துணை நிரல் வழியாக ப்யூர் டேட்டாவுக்குப் போயின. அந்த வகைப் பலகைகளில் மலிவானவற்றிலேயே 8,192 அழுத்தப் படிகள் கிடைக்கின்றன. தேய்ப்பதற்குப் பழகிய கைக்குத் தேய்க்கும் கருவியே கொடுக்கப்பட்டது.

“இது பேசுது. ஆனா ரொம்ப வழுக்குது தம்பி, தோலு கையைப் பிடிக்கணும்ல?” என்றார் கலைஞர். பலகையின் மேல் சொரசொரப்பான தாள் ஒன்று ஒட்டப்பட்டது. பேனா முனை சீக்கிரம் தேய்கிறது. உதிரி முனைகள் வாங்கி வைத்தாயிற்று.

ப்யூர் டேட்டாவில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. வழக்கமாகக் கிடைக்கும் பதிப்பு எண்களை 32 பிட்டில் கையாள்கிறது. அட்டவணை நீள நீள, இரண்டு சாம்பிளுக்கு இடைப்பட்ட புள்ளியைக் குறிக்கும் துல்லியம் குறையும். 4 வினாடிப் பதிவின் இறுதியில் அது ஒரு சாம்பிளில் 64இல் ஒரு பங்கு. 20 வினாடிப் பதிவின் இறுதியில் 16இல் ஒரு பங்கு. மெதுவாகத் தேய்க்கும்போது இரண்டாவது நிலையில் மெல்லிய இரைச்சல் கேட்கும். ஆகவே நீண்ட பதிவு ஒன்றை ஏற்றாமல், குறுந்தேய்ப்புகள் பலவற்றைத் தனி அட்டவணைகளாக வைத்து அவற்றுக்கிடையே மாறும்படி கட்டப்பட்டது. ஒரே ஓலம் திரும்பி வருகிறது என்ற முதல் குறையும் இதனால் தீர்ந்தது.

உரிமை

திறந்த வடிவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எஸ்எஃப்இசட் தொகுப்பில் ஒலிகள் சாதாரண ஒலிக்கோப்புகளாக வெளிப்படையாகக் கிடக்கின்றன. கோப்புறை கைமாறினால் ஒலியும் கைமாறும். கான்டாக்டில் ஒலிகளைப் பூட்டி வைக்க வழி உண்டு. உறுமிக் கலைஞர் தம் வாசிப்பு யாரோ விற்கும் சாம்பிள் தொகுப்பில் போய் உட்காரக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்ததால், இது உண்மையான நெருக்கடி.

பூட்டை நம்பி மென்பொருளை மாற்றுவதைவிட ஒப்பந்தத்தை எழுதுவதே சரி என்பது என் ஆலோசனையாக இருந்தது, குழுவும் ஏற்றது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 38ஆம் பிரிவில் நிகழ்த்துகலைஞருக்கு அவருடைய நிகழ்வின் மீது உரிமை தருகிறது. அதன் காலம் 50 ஆண்டுகள். 2012இன் திருத்தம் அந்த உரிமையை மேலும் விரித்து, தம் நிகழ்வு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையையும் சேர்த்தது. ஒரு கலைஞரின் வாசிப்பை நறுக்கி, தேய்த்து, திருப்பிப் போடும் சோதனை இசையில் இந்தக் கடைசி விதி அலங்காரச் சொல் அல்ல. பதிவுகள் இந்த ஒரு படைப்புக்கு மட்டுமே, ஒவ்வொரு மேடைக்கும் ஊதியம் உண்டு, வேறு வெளியீட்டுக்குப் புதிய சம்மதம் வேண்டும், கோப்புகளின் ஒரு பிரதி கலைஞரிடமும் இருக்கும் என்று தமிழில் எழுதிக் கையெழுத்தானது. கடத்துக்கும் இதே தாள்தான். நெசவாளர்களிடமும் சம்மதம் எழுதி வாங்கப்பட்டது. தறிச்சத்தத்துக்குச் சட்டம் என்ன சொன்னாலும் கூடம் அவர்களுடையது.

முடிவும் அதன் பின்னும்

கடம், கருங்கல், சேகண்டி, தறி ஆகியவை எஸ்எஃப்இசட் கோப்புகளாக ஸ்ஃபோர்ட்சாண்டோவில். அதைத் தாங்கும் மென்பொருளாக ரீப்பர், சிறு பயனாளர்களுக்கான 60 டாலர் உரிமத்தில். உறுமி ப்யூர் டேட்டாவில். மென்பொருளுக்குச் செலவானது ரீப்பரின் விலை மட்டுமே. மிச்சப்பட்ட பணம் பேனாப் பலகைக்கும் சேகண்டிப் பதிவுக்கான மைக் வாடகைக்கும் போனது. விலை குறைவு என்பதற்காக இந்த ஏற்பாடு தேர்வாகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கான்டாக்ட் இலவசமாகக் கிடைத்திருந்தாலும் உறுமிக்கு அது உதவியிருக்காது; கடத்துக்கு உதவியிருக்கும், ஆனால் பிற்காலத்தில் வேறு கணினியில் வேறொருவர் திறந்து திருத்தும் வாய்ப்பைக் குறைத்திருக்கும்.

எதிர்பாராத தடை ஒன்று ஒத்திகையில் வந்தது. குழுவின் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர், விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கு மட்டுமே இடம் கொடுத்தது; ரீப்பர் திறந்திருந்தால் ப்யூர் டேட்டாவுக்கு ஒலி இல்லை. இரண்டையும் இணைக்கும் மெய்நிகர் கேபிள்கள் உண்டு, ஆனால் அவை லேட்டன்ஸியைக் கூட்டின. உறுமியை இரவல் மடிக்கணினிக்கு மாற்றி, இரண்டு கணினிகளின் ஒலியையும் மிக்ஸரில் சேர்ப்பதே நேரான வழியாக இருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த கணினி இப்படி அன்றாட வேலைக்கு வந்துவிட்டதால், இரண்டிலும் இரண்டு தொகுப்புகளும் முழுமையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. உரிமச் சரிபார்ப்பு இணையத்தை நாடாத மென்பொருள்களையே தேர்ந்ததன் பயன் இங்கே தெரிந்தது. ஒரு கணினி நின்றால் மற்றதில் கடமும் தறியும் ஓடும், உறுமியைக் கலைஞர் நேரடியாகவே வாசிப்பார் என்பது மாற்று ஏற்பாடு. அப்படி ஒரு மாலையில் உண்மை உறுமியே ஒலித்தால் படைப்பு கெட்டுவிடாது என்று இயக்குநர் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிலுவையில் இருப்பது ப்யூர் டேட்டாவின் நிரல். எஸ்எஃப்இசட் கோப்பை நோட்பேடில் திறக்கும் எவரும் அரைமணியில் புரிந்துகொள்ளலாம். உறுமிக்கான பெட்டிகளும் கோடுகளும் இப்போதைக்கு அதைக் கட்டிய இளைஞர் ஒருவருக்கே புரியும். அவர் வெளியூர் வேலைக்குப் போனால் கருவி ஊமையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று குறிப்பு எழுதி, குழுவின் இன்னொருவர் அதை முதலிலிருந்து தாமே கட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பேனா அழுத்தத்தைக் கலவையாக மாற்றும் பகுதி வரை குறிப்புகள் வந்திருக்கின்றன. அட்டவணைகளுக்கிடையே மாறும் பகுதி மீதமிருக்கிறது.